பழைய மோட்டார் சைக்கிளும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் குடும்பங்கள் பலவற்றில் அண்மைக் காலமாக ஒரு புதிய வழக்கு எழுந்துள்ளது. படிப்பை முடித்து முதற் சம்பளம் வாங்கிய மகன், புதிய வண்டி ஒன்றை வாங்காமல், தான் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட பழைய புல்லட்டையோ, யெஸ்டியையோ, ஆர்எக்ஸ் 100-ஐயோ வாங்கிப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்கிறான். "துருப்பிடித்த இரும்புக்கு இவ்வளவு பணமா?" என்று தாய் கேட்கிறாள். தந்தையோ, தாம் ஒரு காலத்தில் ஓட்டிய வண்டியின் நினைவு உள்ளத்தில் இனித்தாலும், அதை வெளிக்காட்டாமல் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்கிறார். இரு தரப்பினரும் நம்மிடம் வந்து நியாயம் கேட்டதுண்டு. இந்த ஆசை எங்கிருந்து வந்தது, அதற்கு எவ்வளவு இடம் தரலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதைச் சற்று அமைதியாகச் சிந்திப்போம்.

திருவொற்றியூரில் வளர்ந்த வண்டி

முதலில் இவ்வண்டிகளின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்து நாட்டின் ரெட்டிச் என்னும் ஊரில் இயங்கிய என்ஃபீல்டு நிறுவனம் 1901-ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்னும் பெயர் 1932-இல் வந்தது. நாடு விடுதலை பெற்றபின், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டிகளைத் தேடிய இந்திய இராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. இதன் விளைவாக 1955-இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவுடன் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பொருத்தினார்கள். சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

பிறகு நடந்தது வியப்புக்குரியது. 1967-இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-களின் தொடக்கத்திற்குள் தாய் நிறுவனமே மறைந்தது. சென்னையில் வளர்ந்த பிள்ளையோ நிலைத்து நின்றது. 1977-ஆம் ஆண்டிலிருந்து இங்கிலாந்துக்கே இங்கிருந்து புல்லட்டுகள் ஏற்றுமதியாயின. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது.

நம் இளைஞர்கள் விரும்பும் மற்ற வண்டிகளுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செக் நாட்டு ஜாவா வண்டிகளைச் செய்தது. அவையே 1973 முதல் யெஸ்டி என்னும் பெயரில் வெளிவந்தன. அத்தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது. அதே 1996-இல், 1985 முதல் விற்பனையில் இருந்த ஆர்எக்ஸ் 100 வண்டியின் உற்பத்தியும் நின்றது. 98 சி.சி. எஞ்சினிலிருந்து 11 குதிரைத் திறன் தந்த அந்தச் சிறு வண்டியை அன்றைய இளைஞர் எவ்வளவு கொண்டாடினர் என்பதை நடுவயதைக் கடந்தவர் அறிவர். ஜாவா, யெஸ்டி என்னும் பெயர்கள் முறையே 2018-இலும் 2022-இலும் வேறொரு நிறுவனத்தாரால் மீண்டும் சந்தைக்கு வந்தன. ஆயினும் அவை முற்றிலும் புதிய வண்டிகள். மைசூர் வண்டியை நாடுகிறவர்கள் பழையதையே தேடுகிறார்கள்.

ஏன் இந்த ஆசை?

பழைய வண்டி வைத்திருப்போர் பலரிடம் நாம் பேசிப் பார்த்ததுண்டு. அவர்கள் முதலில் சொல்வது ஓசையைப் பற்றியே. பழைய புல்லட் எஞ்சின் 346 சி.சி. கொண்டது. அதன் சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மில்லிமீட்டர். இப்படி நீண்டு செல்லும் பிஸ்டன் மெதுவாகவும் அழுத்தமாகவும் இயங்கும். ஊரே அறிந்த அந்தத் 'டப் டப்' ஓசை அதிலிருந்து பிறப்பதே. அதன் ஆற்றல் ஏறத்தாழ 18 குதிரைத் திறன்தான். இன்றைய வண்டிகள் பல அதனை எளிதில் முந்திச் செல்லும். ஆயினும் குறைந்த வேகத்தில் சுமையை இழுக்கும் வலிமை அதற்கு உண்டு.

இரண்டாவதாக அவர்கள் சொல்வது இன்னும் ஆழமானது. பழைய வண்டியில் ஒவ்வொரு பாகத்தின் வேலையும் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள் நடுவே வந்து நிற்பதைப் பார்த்து, டீகம்ப்ரசர் நெம்பைப் பிடித்துப் பிஸ்டனைச் சற்றே நகர்த்தி, அதன்பின் ஓங்கி மிதிக்க வேண்டும். முறை தெரியாமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர் பலர். இன்றைய வண்டியில் பொத்தானை அழுத்தினால் போதும்; பழுதானால் கணினியைப் பொருத்தித்தான் குறையைக் கண்டறிய வேண்டும். தன் கையாலேயே பழுதறிந்து சீர்செய்யும் நிறைவை நாடும் பிள்ளையை நாம் பழிப்பது எப்படி? கைத்தொழிலின் அருமையை உணரும் தலைமுறை நமக்குத் தேவை.

தேர்ந்தெடுக்கும் முறை

எனினும், ஆழம் தெரியாமல் காலை விடலாகாது. அனுபவமுள்ளோர் கூறும் முதல் விதி, வண்டியைப் பார்க்குமுன் ஆவணத்தைப் பார் என்பதாகும். பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒத்திருக்க வேண்டும். எண் தேய்க்கப்பட்டோ, மீண்டும் பொறிக்கப்பட்டோ இருக்குமாயின், எத்துணை மலிவாயினும் அவ்வண்டியைத் தொடலாகாது. அது களவுப் பொருளாக இருக்கக்கூடும். படிவம் 29, 30 ஆகியவற்றில் உரிமையாளரே கையொப்பமிட வேண்டும். வண்டி பிற மாநிலத்தில் பதிவானதாயின் அங்கிருந்து தடையில்லாச் சான்று பெறவேண்டும்.

பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காமல் கிடந்த ஆண்டுகளுக்கான தண்டத்தையும் வரியையும் கணக்கிட்ட பின்னரே விலை பேசுவது அறிவுடைமை. 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டம், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் பெறாத வண்டிகளுக்கென 2021-இல் நடுவண் அரசு தனிப் பதிவு விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி, அன்றாடம் அலுவலகத்திற்கு ஓட்டிச்செல்ல இயலாது.

தந்தை விட்டுச்சென்ற வண்டியாயின் வேறு ஒழுங்கு உண்டு. உரிமையாளர் இறந்தபின் 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். மற்ற வாரிசுகளின் இசைவும் வேண்டும். நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் தந்தையின் புல்லட் பதினொரு ஆண்டுகள் மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. மூத்தவர் அதனைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்கலாம் என்றார். இளையவர் கூடாது என்றார். ஒரு வண்டிக்காக அண்ணனும் தம்பியும் ஓராண்டு பேசாதிருந்தனர். இறுதியில் அவர்களுடைய தாயார், "உங்க அப்பா உங்க ரெண்டு பேரையும் அந்த ஒரே வண்டியிலதான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்று சொன்ன ஒரு சொல் இருவரையும் ஒன்று சேர்த்தது. அண்ணன் பணம் தந்தார், தம்பி உழைத்தார். அந்தத் தாயார் செய்தது போலக் குடும்பத்தினர் முதலிலேயே கூடிப் பேசியிருப்பின் அந்த ஓராண்டுப் பிரிவும் நேர்ந்திராது.

புதுப்பிக்கும் ஒழுங்கு

வண்டி வீடு வந்ததும் இளைஞர் பலர் வண்ணம் பூசவே விரைகின்றனர். இது தலைகீழான முறை. பட்டறையில் நாற்பது ஆண்டு தழும்பேறிய கைகளை உடைய மெக்கானிக் ஒருவர், அவசரப்பட்ட இளைஞனிடம் சொன்னதை நாம் அருகிலிருந்து கேட்டோம்: "தம்பி, பெயின்டை அப்புறம் பார்த்துக்கலாம். வண்டி ஓடுறது பெரிசு இல்ல. நீ நினைச்ச இடத்தில நிக்கணும். பிரேக்கை முதல்ல பாரு." இளைஞன், "சரிங்கண்ணே" என்று தலையசைத்தான்.

அவர் கூறிய வரிசை இதுவே. முதலில் பிரேக், டயர், சக்கரத்தின் பேரிங், ஸ்போக்குக் கம்பிகள். அடுத்து மின்கம்பிகள், பழைய வண்டிகள் பலவற்றில் 6 வோல்ட் மின்னமைப்பே இருந்ததால், இரவில் முகப்பு விளக்கு மங்கலாகவே எரியும். அதன்பின் எஞ்சின். சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதனைச் சற்றே அகலமாகக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டனைப் பொருத்துவர்; இதுவே 'ரீபோர்' எனப்படுவது. இதற்கு ஓர் எல்லை உண்டாதலால், முன்பு எத்தனை முறை கடைந்தார்கள் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். வண்ணமும் குரோமியப் பூச்சும் இறுதியில்தான்.

பிரிக்குமுன் ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்து வைத்தால், மீண்டும் பொருத்தும்போது திகைக்க நேராது. கழற்றிய பழைய பாகத்தை உடனே வீசிவிடலாகாது. சந்தையில் கிடைக்கும் போலிப் பாகத்தைவிடத் தேய்ந்த அசல் பாகத்தைச் சீர்செய்வது பல வேளைகளில் மேலானது. சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் உதிரி பாகங்களுக்குப் பெயர்பெற்றவை. ஆயினும் அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு அறிந்தவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நன்று.

இக்காலத்திற்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் அரிக்கக்கூடும். ஆகவே, எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும், மாதக்கணக்கில் ஓட்டாது நிறுத்துகையில் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதும் அவசியம்.

உயிருக்கு விலையில்லை

பெற்றோரின் அச்சத்தில் பெரிதும் நியாயம் உள்ள இடம் இதுவே. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். இன்றைய வண்டிகளில் இது நேர்மாறானது. புதிய வண்டியில் பழகியவர் இடர் நேரும் நொடியில் வலக்காலை அழுத்தினால் வண்டி நிற்பதில்லை, கியர்தான் மாறுகிறது. எனவே, வெற்றுத் திடலில் பல நாள் பழகிய பின்னரே சாலைக்கு வரவேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திலும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயமாயிற்று. பழைய டிரம் பிரேக் வண்டிகளில் அப்பாதுகாப்பு இல்லை. ஆதலால் முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இடையே தொலைவு கூடுதலாக இருக்க வேண்டும், ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் ஓட்டுபவருக்கும் பின்னிருப்பவருக்கும் வேண்டும்.

சைலென்சரை மாற்றிக் காதைத் துளைக்கும் ஓசை எழுப்புவதை உண்மையான ஆர்வலர்கள் வெறுக்கின்றனர். அது சட்டத்திற்கும் புறம்பானது. நிறுவனம் வடிவமைத்த அமைப்பினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நோயாளியும் குழந்தையும் உறங்கும் தெருவில் பிறரை நடுங்க வைப்பது வீரமாகாது.

கூடிப் பகிரும் அறிவு

இவ்வார்வலரிடம் நாம் கண்ட சிறந்த பண்பு, அறிந்ததை ஒளிக்காமல் பகிர்வதாகும். ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று ஜாவா, யெஸ்டி வைத்திருப்போர் பல நகரங்களில் கூடுகின்றனர். அங்கே மருத்துவரும் தச்சரும் மாணவரும் ஓய்வுபெற்ற காவலரும் ஒரே கார்புரேட்டரைச் சுற்றிக் குந்தியிருப்பதைக் காணலாம். ஒருவரிடம் மிகுதியாக உள்ள கிளட்ச் தட்டு மற்றவரின் ஓராண்டுத் தேடலை முடித்துவைக்கிறது. "இதை வாங்காதீர்கள் ஐயா, நான் ஏமாந்தேன்" என்று ஒருவர் மனந்திறந்து கூறும் சொல், பலருடைய பணத்தைக் காக்கிறது. புதிதாக வாங்க நினைப்பவர் இத்தகையோரிடம் சில மாதங்கள் பழகிய பின்னர் முடிவெடுப்பது நலம்.

ஆகவே, ஆசைப்படும் பிள்ளை மூன்று கேள்விகளுக்கு விடையை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டட்டும். இவ்வண்டி அன்றாடப் பயணத்திற்கா, ஞாயிறு ஓட்டத்திற்கா? இதனைச் சீர்செய்ய அறிந்த மெக்கானிக் அருகில் உண்டா? வாங்கும் விலைக்கு மேல் மற்றொரு மடங்கு செலவானாலும் கடனின்றித் தாங்க முடியுமா? அன்றாடம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியவருக்குப் புதிய வண்டியே தக்கது. கடன் வாங்கித்தான் செய்ய முடியும் என்றால், சில ஆண்டுகள் காத்திருப்பதே நன்று. மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்குமாயின், பெற்றோரே, தடை சொல்லாதீர்கள். கொல்லைப்புறத்தில் ஒரு நிழலிடம் ஒதுக்கிக் கொடுங்கள். மாலையில் நீங்களும் அருகில் சென்று ஸ்பேனரை எடுத்துக் கொடுங்கள். நெடுநாள் பேசாமலிருந்த பல செய்திகளை அப்போது உங்கள் மகன் உங்களிடம் பேசக்கூடும்.