சாட்சி சொல்லும் பிறபொருளெதிரி



வன்னியிலே பிறந்தவருக்குக் குளக்கட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரணைமடுவாயினும் முத்தையன்கட்டாயினும், அரிப்புண்ட மண்ணை அகற்றிப் புதுமண் இட்டு வந்தாலன்றிக் கட்டு நிலைக்காது. அகற்றுவது மிகுந்து, இடுவது குறைந்தால், ஒரு பெருமாரியிலே கட்டு உடைந்துபோகும்.

நம் உடம்பிலுள்ள என்பும் அத்தகையதே. என்பு உயிரற்ற கல் அன்று. பழைய என்பை அரித்தெடுக்கும் கலங்களும், புதிய என்பை ஆக்கும் கலங்களும் அங்கே ஓயாது தொழில் புரிகின்றன. முதுமையிலே, சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே, அரிப்பு மேலோங்குவதுண்டு. முற்றத்திலே கால் இடறிய பாட்டியார் இடுப்பென்பு முறிந்து படுக்கையாவது பெரும்பாலும் இதனாலேதான்.

அரிக்கும் கலத்துக்குக் கட்டளை எவ்வழியாக வருகிறது? அக்கலமாக வளரவிருக்கும் இளங்கலத்தின் மேற்பரப்பிலே ‘றாங்க்’ என்னும் வாங்கி ஒன்று உண்டு. அதற்கென அமைந்த தூண்டற்புரதம் வந்து பொருந்தியதும் இளங்கலம் முதிர்ந்து என்பை அரிக்கத் தொடங்குகிறது. 1997ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து ஆய்வாளர் இவ்வாங்கியை அறிவித்தனர். வியப்பு யாதெனில், அவர்கள் இதனைக் கண்டது என்பிலன்று; நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களிலேயாம். பின்னர், இவ்வாங்கி இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, என்பு அரிக்கப்படாமல் மிகைபட இறுகியதோடு, நிணநீர்க் கணுக்களும் உருவாகவில்லை என்பது தெரிந்தது. வாங்கி ஒன்று, கடமை இரண்டு.

கண்ணுக்குப் புலனாகாத இவ்வாங்கி ஒரு கலத்திலே உண்டா இல்லையா என்பதை எங்ஙனம் அறிவது? இங்கேதான் பிறபொருளெதிரி உதவுகிறது. குறித்த ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை ஆக்கி, அதனோடு ஒளிரும் சாயமொன்றை இணைத்துக் கலங்கள்மீது இடுவர். வாங்கி உள்ள இடம் ஒளிரும். ஒரேவகைப் பிறபொருளெதிரியை வேண்டுமளவு பெறும் முறையை 1975இல் கேம்பிரிட்ஜிலே கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். 1984இல் நோபல் பரிசும் பெற்றனர்.

ஆயினும் நேயர்களே, ஒளிர்ந்ததெல்லாம் உண்மை ஆகிவிடாது. பிறபொருளெதிரி ஒரு சாட்சி. சாட்சியும் ஆள்மாறாட்டத்தில் ஏமாறக்கூடும். உருவொத்த வேறொரு புரதத்தைப் பற்றிக்கொண்டு, ‘இதோ வாங்கி’ என்று அது காட்டிவிடலாம். ஆதலால், அவ்வாங்கிக்குரிய பரம்பரையலகை நீக்கிய கலங்களிலும் அதனை இட்டுப் பார்த்தல் வேண்டும். அங்கேயும் ஒளிருமாயின் அச்சாட்சி செல்லாது.

இது வெறும் ஆய்வுகூடக் கவலை அன்று. இவ்வாங்கியின் இயல்பைத் திட்டமாக அறிந்ததனாலேயே, அதன் தூண்டற்புரதத்தைத் தடுக்கும் ‘டெனோசுமாப்’ என்ற மருந்து உருவாகி, 2010இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அம்மருந்தும் ஒரு பிறபொருளெதிரியே. பிழையான சாட்சியை நம்பித் தொடங்கும் ஆராய்ச்சியோ ஆண்டுகளையும் பொருளையும் வீணாக்கும்.

குளக்கட்டிலே ஈரம் கண்டால், அது கசிவா, நேற்றைய மழையா என்று மறுமுறை பார்த்தே மண்வெட்டியை எடுப்போம். அந்த நிதானமே ஆய்வுகூடத்துக்கும் வேண்டியது.