இது முடியா, தேர் வடமா?

'மச்சி, ஃபிசிக்ஸ் அசைன்மென்ட் யாராவது முடிச்சாச்சா?'

ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அதிகம் கேட்கும் குரல் இதுதான். யாரோ ஒரு புண்ணியவான் போட்டு முடித்தால் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோ பறக்கும். அரை மணி நேரத்தில் அறுபது நோட்டிலும் ஒரே விடை. அந்தப் புண்ணியவான் தப்பாகப் போட்டிருந்தால்? அறுபது நோட்டிலும் ஒரே தப்பு!

அசைன்மென்ட் மார்க் எப்படியோ வந்துவிடும். அதே கணக்கு, நம்பர் மட்டும் மாறி இன்டர்னல் டெஸ்ட்டில் வரும்போதுதான் பேனா நின்றுபோகும். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்தால், அடுத்த செமஸ்டர் பாடங்களோடு அதையும் தூக்கிச் சுமக்கணும்.

இத்தனைக்கும் ஒளி, ஒலி கணக்குகளில் பெருக்கல், வகுத்தலைத் தாண்டி பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஏன் சொதப்புது? கணக்கைப் படித்ததும் ஃபார்முலாவைத் தேடி ஓடுகிறோம். விடை வந்ததும் அடியில் ரெண்டு கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். 'இது நிஜத்தில் நடக்குமா?' என்று கேட்பதே இல்லை. அந்த ஒரு கேள்வி எத்தனை மார்க்கைக் காப்பாற்றும் என்று பார்ப்போமா?

படம் போடுங்க பாஸ்!

குவியத் தூரம் 10 செ.மீ. உள்ள குவிலென்ஸ். அதிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு மெழுகுவத்தி. பிம்பம் எங்கே விழும்?

நம்ம பிளஸ் டூ முறையில் பொருளின் தூரத்துக்கு மைனஸ் குறி, ஃபார்முலாவில் கழித்தல். ஹாலிடே - ரெஸ்னிக் புத்தகத்தில் பொருளின் தூரம் பிளஸ், ஃபார்முலாவில் கூட்டல். ரெண்டுமே சரிதான். எதில் போட்டாலும் 1/10 - 1/15 = 1/30. விடை 30 செ.மீ.

வில்லங்கம் எங்கே வருதுன்னா, குறியை இங்கிருந்தும் ஃபார்முலாவை அங்கிருந்தும் எடுக்கும்போது. 1/10 + 1/15 = 1/6. விடை 6 செ.மீ! கால்குலேட்டர் வாய் திறக்காது. ஆனால், படம் காட்டிக்கொடுத்துவிடும். கட்டம் போட்ட தாளில் ரெண்டே கதிர் வரையுங்க. ஒன்று, அச்சுக்கு இணையாகப் போய் லென்ஸில் வளைந்து குவியம் வழியே போவது. இன்னொன்று, லென்ஸின் மையம் வழியே நேராகப் போவது. ரெண்டும் வெட்டும் இடம் 30 செ.மீ. பக்கத்தில் வரும். ரொம்ப தூரத்தில் இருக்கும் சூரியனோட வெளிச்சமே 10 செ.மீ-ல்தான் குவியும். பக்கத்தில் இருக்கும் மெழுகுவத்தியின் பிம்பம் அதைவிட உள்ளே எப்படி விழும்?

காதைக் கேளுங்க!

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஆம்புலன்ஸ் உங்களை நோக்கி வருது. சைரன் 500 ஹெர்ட்ஸ். ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீட்டர். காதில் விழும் அதிர்வெண் என்ன?

72-ஐ அப்படியே போட்டால் 634 ஹெர்ட்ஸ் வரும். தப்பு. முதலில் அதை விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றணும். 340-லிருந்து 20-ஐக் கழித்தால் 320. 500 × 340 / 320 = 531 ஹெர்ட்ஸ். உங்களைத் தாண்டிப் போனதும் கீழே 360 வரும். விடை 472 ஹெர்ட்ஸ்.

கூட்டணுமா, கழிக்கணுமான்னு மறந்துபோச்சா? ரோட்டில் கேட்டதை நினைச்சுப் பாருங்க. கிட்டே வரும்போது சத்தம் கீச்சென்று ஏறும், தாண்டியதும் இறங்கும். அப்போ வரும்போது 500-க்கு மேலே, போகும்போது 500-க்குக் கீழே. அவ்வளவுதான்! டாப்ளர் இதை 1842-ல் சொன்னார். 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, ஊதுகுழல் கலைஞர்களை ரயிலில் ஏற்றி ஊதவைத்து, இசை தெரிந்தவர்களைத் தண்டவாளம் ஓரமாக நிற்கவைத்துச் சோதித்தார். அங்கேயும் கருவி, காதுதான்.

முடி மேட்டர்

லேப்பில் ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே ஒரு முடியை வைத்து, 'ஏர் வெட்ஜ்' சோதனை செய்வோமே... அதில் ஒரு கணக்கு. சோடியம் விளக்கின் அலைநீளம் 589.3 நானோமீட்டர். கண்ணாடிகள் தொடும் விளிம்பிலிருந்து முடிக்கு 5 செ.மீ. ஒரு பட்டையின் அகலம் 0.3 மி.மீ. அலைநீளத்தையும் தூரத்தையும் பெருக்கி, பட்டை அகலத்தின் ரெண்டு மடங்கால் வகுத்தால் முடியின் தடிமன் வரும்.

எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றிப் போட்டால் சுமார் 49 மைக்ரான். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. முடிக்குப் பொருத்தமான சைஸ். நானோவை மைக்ரோ என்று எழுதிவிட்டால்? 4.9 செ.மீ! அது முடி இல்லைங்க, தேர் வடம்!

தமிழ் மீடியம் நண்பர்களுக்கு...

கணக்கு தெரியும், கேள்வியின் இங்கிலீஷ்தான் மிரட்டுது என்பவர்கள் நிறைய. பயமே வேணாம், ஆள் பழைய ஆள்தான், சட்டை மட்டும் புதுசு! 'ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ்' நீங்க படிச்ச ஒளிவிலகல் எண். 'ஃப்ரீக்வென்ஸி' அதிர்வெண். 'வேவ்லெங்த்' அலைநீளம். 'ரெசொனன்ஸ்' ஒத்ததிர்வு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருபது வார்த்தை எழுதிவெச்சுக்குங்க. படத்தில் தமிழிலேயே பெயர் குறிச்சுட்டு, அப்புறம் கணக்கைத் தொடுங்க.

நம்ம ஊர் மாணவர்!

சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிக்கும்போதே, 1906-ல், ஒளியைப் பற்றிய தன் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையை லண்டன் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' இதழில் வெளியிட்டார் சி.வி.ராமன். பிறகு மிருதங்கத்தின் ஒலியையும் விட்டுவைக்காமல் ஆராய்ந்தார். நோபல் பரிசு 1930-ல் வந்தது.

கடைசியாக ஒரு சின்ன கணக்கு. மின்னல் தெரிந்து 6 விநாடி கழித்து இடி கேட்குது. மின்னல் எவ்வளவு தூரத்தில்? 340-ஐ ஆறால் பெருக்கினால் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். உங்களுக்கு 200 கிலோமீட்டர் என்று விடை வந்தால் ரப்பரை எடுங்க. அவ்வளவு தூரத்து இடி உங்க காதுக்கு வந்தே இருக்காது!