கருவி செய்யத் தனி ஆளால் ஆகாது

களைக்கொல்லி தொடாத நமக்குக் களைக்கருவிதான் கைகொடுக்கணும். திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கோனோவீடர் ஓட்டுகிறோம். திண்டிவனம் பக்கம் என் களிமண் வயலில் அது சேற்றில் புதைஞ்சு நின்னுடுச்சு. விழுப்புரத்து விவசாயி ஒருவர், முன்னால் இருக்கும் மிதவையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, தன் கருவியின் அளவுகளை வரைந்தே கொடுத்தார். பட்டறையில் ஒரு மணி நேர வேலைதான். கருவி ஓடுது.

வங்கியில் இருந்தவன் சொல்றேன்: கருவி வாங்கக் கடன் கிடைக்கும். அதை நம்ம மண்ணுக்குப் பொருத்தும் அறிவு சக விவசாயியிடம்தான் கிடைக்கும்.

இதைத்தான் 1980களின் இறுதியில் அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலைப்பின்னல் செய்தது. விவசாயியின் கண்டுபிடிப்பை அவர் பெயரோடே பதிவு செய்யணும், மக்கள் மொழியிலேயே திருப்பித் தரணும் என்பது அதன் விதி. தமிழில் அந்தப் பணியை மதுரை சேவா அமைப்பின் 'நம்வழி வேளாண்மை' இதழ் செய்தது.

அடுத்த கூட்டத்துக்கு உங்க கருவியோட அளவு, மண் வகை, எங்கே சிக்குது என்கிற மூன்றையும் எழுதிட்டு வாங்க. சிக்கினதைச் சொன்னால்தான் அடுத்தவருக்குச் சிக்காது.