முல்லையாறும் மலைமுகடும்

சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் உற்சவத்திற்கு வரும் திரளான ஜனங்கள் முல்லையாற்றில் நீராடியே தீச்சட்டி ஏந்துகிறார்கள். அக்கோடையில் அவர்களை நனைக்கும் ஜலத்தின் பெரும்பகுதி, இயற்கையின் ஏற்பாட்டின்படி அங்கே வரவேண்டியதன்று. அது மேலைக் கடலுக்கு உரியதாயிருந்த நீர்.

மலையில் விழும் மழைத்துளி எந்தக் கடலைச் சேரும் என்பதை முகடே தீர்மானிக்கிறது. இப்பால் விழுந்தால் கிழக்கு நோக்கி ஓடும். அப்பால் விழுந்தால் அரபிக் கடல். அந்த முகடும் சாசுவதமானதன்று. இருபுறத்து ஓடைகளும் தத்தம் தலைப்பக்கத்தை அரித்து அரித்து மேலேறுகின்றன. வலுத்த ஓடை ஜயித்து, அண்டை ஆற்றின் ஜலத்தை அபகரிப்பதும் உண்டு. நமது கோர்ட்டுகளில் நடக்கும் வரப்பு வியாஜ்யத்திற்கு இது பெரிதும் ஒத்ததே. தீர்ப்புக்குத்தான் லக்ஷக்கணக்கான வருஷங்கள் ஆகும்.

இமயத்தில் மலையைச் செதுக்கும் இவ்வேலையைப் பனியாறுகளும் செய்கின்றன. நதி குடையும் பள்ளத்தாக்கு, கலப்பை கீறிய சாலைப்போல அடி குறுகியது; பனியாறு இழைத்துச் சென்றதோ ‘ப’ என்னும் எழுத்தைப்போல அடி அகன்றது. ஒரிஸ்ஸாவிலுள்ள தால்சேரில் பனி சுமந்துவந்து போட்ட கற்படிவத்தை 1856-இல் பூகர்ப்ப சாஸ்திரிகள் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய 30 கோடி வருஷங்களுக்கு முன் அப்பிரதேசமும் பனி மூடிக் கிடந்ததாம்! இன்று நமது தென்மலைகளில் பனிக்கட்டி இல்லை. கோடையில் உருகிக் கொடுப்பதற்குக் கங்கைக்குக் கங்கோத்திரி உண்டு. முல்லைக்கும் வைகைக்கும் யாது உண்டு? சோலைக்காடும், புல்வெளியும், அவற்றின் வேர் பிடித்து வைத்திருக்கும் மண்ணுமே. அம்மண் மாரியில் குடித்ததைக் கோடையில் கசியவிடுகிறது. மண் போனால் ஆறு மழையன்று வெள்ளமாகவும், மறு மாதம் வெறும் மணலாகவும் நிற்கும்.

பெரியாற்று ஜலத்தைக் கிழக்கே திருப்பும் எண்ணம் வெள்ளையரது மூளையில் முதலில் உதித்ததன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராயச் செய்தார். பொருளில்லாமையால் அது நின்றுபோயிற்று. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் மடிந்த பிறகே சர்க்கார் விழித்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை. 1895-இல் கர்னல் பென்னிகுயிக் அணையை முடித்தார். முகட்டின் ஊடே ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் சுரங்கம் குடைந்து, இயற்கை வகுத்த எல்லையை மனிதர் மீறினர். கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லும் மதுரையின் குடிநீரும் அந்தத் துவாரத்தின் பயன்களே.

அன்று முதல் நமது ஆற்றுக்குத் தாய் இருவர். ஒருத்தி கேரள எல்லைக்குள் இருக்கிறாள். அணையால் உண்டான ஏரியைச் சுற்றியுள்ள காடு 1899-இல் ரிசர்வ் வனமாக்கப்பட்டது. 1978 முதல் புலிகள் காப்பகமாகவும் இருக்கிறது. மற்றொருத்தி வருஷநாட்டு மலை. வைகையின் சொந்தப் பிறப்பிடம். முழுதும் நமது ஆட்சிக்குள் இருப்பது. அங்கேதான் சரிவுகளில் மரம் வெட்டுண்டு, மண் கரைந்து, கடமலைக்குண்டு வழியாக வந்து 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் படிகிறது. 71 அடி அணை நிரம்பிற்று என்று பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. அந்த 71 அடியில் வண்டல் எத்தனை அடி என்று எவரும் கேட்பதில்லை.

முல்லைப் பெரியாற்றில் 142 அடி தேக்கலாம் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அப்பாத்தியதையை நாம் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சட்டம் நமது பக்ஷத்தில் இருக்கிறது. ஆனால் அடிக்கணக்கைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நண்பர்கள், வருஷநாட்டைப் பற்றி வாய் திறவாதது விநோதமாயிருக்கிறது. அணையை உயர்த்த அயலாரது சம்மதமும் கோர்ட்டின் உத்தரவும் வேண்டும். நமது மலையில் மரம் வைக்க யாருடைய உத்தரவு வேண்டும்?

2021-இல் மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. நல்ல காரியம். ஆயினும் அச்சரிவுகளில் தலைமுறைகளாக உழுது பிழைக்கும் ஏழைக் குடியானவர்களை, மாற்று நிலமும் ஜீவனமும் காட்டாமல் இறக்கிவிடுவது நியாயமாகாது. அவர்களையே கூலி கொடுத்து மரம் நடவும், ஓடைகளில் கல்தடுப்புக் கட்டவும் அமர்த்தலாம். அடுத்து தேனியிலோ கம்பத்திலோ கூடும் விவசாயிகள் மகாநாட்டில், பெரியாற்றுத் தீர்மானத்தோடு இதனையும் ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.