ஈயின் நரம்பும் நம் நரம்பும்

தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுத்துக் காட்டுகின்றது. புல்லும் மரமும் முதற்படி. தும்பியினம் நான்காம் படி. மாந்தர் ஆறாம் படி. இப்பகுதியைக் கண்டியிலே கற்பிக்குந்தோறும் மாணாக்கர் முகத்தில் ஒரு பெருமிதம் அரும்பக் காண்கின்றேன். அப்பெருமிதத்தைச் சற்றே ஆராய்தல் நன்று.

நரம்புகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே நுண்ணிய வெளி உண்டு. அவ்வெளியைக் கடந்து செய்தி கொண்டுசெல்லும் இரசாயனப் பொருள், நரம்பு நுனியிலுள்ள புடகங்களில் அடைபட்டிருக்கும். ஒரு மில்லிமீற்றரை 25,000 கூறாக்கின் அதில் ஒரு கூறளவே ஒரு புடகம். அது நரம்பின் விளிம்போடு ஒட்டித் திறந்தாலன்றி நம் விரலும் அசையாது. புடகத்தை ஒட்டுவிப்பன சில புரதங்கள். அவை தம்முட் பின்னிக்கொண்டபின், பிரித்து மீளவும் பணிக்கு ஆக்குவது வேறொரு புரதம்.

பம்பாய்த் தாதா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஒபைத் சித்திக்கி, அமெரிக்கரான சீமோர் பென்சரோடு கூடி, வெப்பம் மிகுந்தால் முடங்கி வீழும் பழ ஈக்களைப் பற்றி 1976 இல் ஆய்வுரை வெளியிட்டார். அவற்றுள் ஒருவகையின் குறை யாதென்பது 1995 இல் தெளிவாயிற்று; பின்னியதைப் பிரிக்கும் அப்புரதமே பழுதுற்றிருந்தது. அப்புரதம் நம் மூளையிலும் உண்டு. அப்ப மாவைப் புளிக்கச் செய்யும் மதுவத்திலும் அதன் உறவு உண்டு. மதுவத்தில் றண்டி செக்மனும், பாலூட்டிகளில் ஜேம்ஸ் றொத்மனும், நரம்புகளில் தோமஸ் சூடொவும் கண்டவை தம்முட் பொருந்தின. மூவர்க்கும் 2013 இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. ஹந்தானை மலையில் கவ்வாத்துக் கத்தி காலிற் பட்டவர்க்கு ஏற்பு ஊசி போடுவது ஏன்? மண்ணிலுள்ள கிருமியின் நஞ்சு, புடகத்தை ஒட்டுவிக்கும் புரதம் ஒன்றைத் துண்டிக்கின்றது என்பது 1992 இல் அறியப்பட்டது. தசையை அடக்கும் நரம்புகள் ஊமையாகின்றன, தாடை பூட்டிக்கொள்கின்றது, முதுகு வில்லாய் வளைகின்றது. குதிரையும் அந்நோயால் அவ்வாறே விறைத்து மடியும்.

இவற்றைத் தொல்காப்பியர் அன்றே அறிந்தார் எனச் சாதித்தல் அவர்க்குச் சிறப்பாகாது. அவர் அறிவின் வாயில்களை எண்ணி உயிர்களை வகுத்தார். அவ்வகுப்பு என்றும் பயிலத்தக்கது. ஆயினும் நான்காம் படியில் நிற்கும் ஈயினத்துக்கும் ஆறாம் படியில் நிற்கும் நமக்கும் நரம்பு தொழிற்படும் முறை ஒன்றே. மரபியலைப் பாடஞ்சொல்லும் நாளில் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.