கசப்புக்கு மூன்று அடுக்கு

"நரின்ஜினில் இரண்டு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பம்பளிமாஸ் இனிக்கத்தானே வேண்டும், ஏன் கசக்கிறது?" ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பழத்தை உரித்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். சுளையைப் பார்த்து நாக்கு ஊறும். அதைச் சுற்றிய வெள்ளைத் தோல் கொஞ்சம் பட்டாலும் முகம் கோணிப்போகும்.

பம்பளிமாஸைக் கசக்க வைக்கும் நரின்ஜினை மூன்றடுக்கு டிபன் கேரியராக நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தட்டில் நரின்ஜெனின் என்ற ஃபிளேவனாய்டு. நடுத்தட்டில் குளுக்கோஸ். மேல்தட்டில் ராம்னோஸ் என்ற இன்னொரு சர்க்கரை. அடித்தட்டை மட்டும் ருசித்தால் கசப்பு அநேகமாகத் தெரியாது. நடுத்தட்டும் சேர்ந்தால் கசக்கும். மூன்றும் சேர்ந்தால் கசப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். அதாவது, சர்க்கரை கூடக் கூடக் கசப்பும் கூடுகிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது கொக்கி விஷயம். குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் ராம்னோஸ் மாட்டியிருந்தால் கசப்பு. ஆறாவது கார்பனில் மாட்டியிருந்தால் ஒரு சுவையும் கிடையாது. ஆரஞ்சில் இருக்கும் ஹெஸ்பெரிடின் ஆறாவது கொக்கி, சும்மா கிடக்கும். அதே மூன்று உறுப்புகளை இரண்டாவது கொக்கியில் மாட்டினால் நியோஹெஸ்பெரிடின். வாயில் வைக்க முடியாது. அதே சோறு, அதே குழம்பு, அதே பொரியல்தான். மேல்தட்டு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்ததற்கே நாக்கு சண்டைக்கு வருகிறது.

இந்தக் கேரியரைத் திறக்கத் தெரிந்தவை பூஞ்சைகள். வெங்காயத் தோலில் கறுப்புத் தூளாக அப்பியிருக்குமே, அந்த ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரும், சில பெனிசிலியம் வகைகளும் இதில் கைதேர்ந்தவை. சர்க்கரை அவற்றுக்குச் சாப்பாடு. நம் நாக்கைப் பற்றி அவற்றுக்கு என்ன கவலை? இவற்றை வளர்த்து எடுக்கும் நொதிக்கு நரின்ஜினேஸ் என்று பெயர். பெயர் ஒன்றாக இருந்தாலும் புட்டிக்குள் இருப்பவர்கள் இரண்டு பேர். ராம்னோசிடேஸ் மேல்தட்டை மட்டும் கழற்றுவார். குளுக்கோசிடேஸுக்கு நடுத்தட்டுதான் தெரியும். மூத்தவர் தன் தட்டை எடுத்து வைக்கும்வரை இளையவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு தட்டும் கழலும்போது ஒரு நீர் மூலக்கூறு செலவாகிறது. எந்த வீட்டு கேரியரும் திறப்பதற்குத் தண்ணீர் கேட்பதில்லை என்பதால் உவமையை இங்கே இறக்கி வைக்கிறேன்.

ஆய்வகத்தில் இந்த நொதிக்கு என்ன வேலை? ஒரே ஃபிளேவனாய்டு செடிக்குள் விதவிதமான சர்க்கரைகளை மாட்டிக்கொண்டு திரியும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்பதைவிட, எல்லாவற்றின் சர்க்கரையையும் கழற்றிவிட்டு மிச்சத்தை எண்ணுவது சுலபம். அமிலத்தில் கொதிக்க வைத்தாலும் சர்க்கரை கழலும். சில சமயம் அளக்க வேண்டிய பொருளும் சேர்ந்து சிதையும். நொதி மிதமான சூட்டில், லேசான புளிப்பில் வேலையை முடித்துவிடும். குளுக்கோஸோடு நின்ற பொருள்தான் வேண்டுமென்றால், குளுக்கோசிடேஸை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டு ராம்னோசிடேஸை வேலை வாங்குவார்கள். சுத்திகரிக்காத தூளில் அழைக்காத வேறு நொதிகளும் இருக்கலாம். லேபிளை நம்பி அளந்தால் கணக்கு உதைக்கும்.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரை எழுதக் கூடாதாம். ஹெஸ்பெரிடினைப் பிரித்தது 1828இல், லெபுரத்தோன் என்ற பிரெஞ்சுக்காரர். நரின்ஜின் கிடைத்தது 1857இல், ஜாவாவில் பறித்த பூக்களிலிருந்து. அந்தப் பெயர் 'நாரங்க' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லே நம் நாரத்தைக்கு உறவு என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இது போதும்.

'நொதியால் பிளந்த ஃபிளேவனாய்டு' என்று மாத்திரை விற்பவர்கள் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். நரின்ஜினின் சர்க்கரையைக் கழற்றும் வேலையை நம் பெருங்குடல் பாக்டீரியாக்கள் கூலி வாங்காமலே செய்கின்றன. கழற்றியதால் உடம்புக்கு என்ன நன்மை என்று கேட்டால் விளம்பரம் பேச்சை மாற்றிவிடுகிறது. 1936இல் இந்த ஃபிளேவனாய்டு குடும்பத்துக்கு 'வைட்டமின் பி' என்றே பெயர் சூட்டினார்கள் (நமக்குத் தெரிந்த பி அல்ல, ஆங்கில அகரவரிசையில் ஓவுக்கு அடுத்து வருவது). வைட்டமின் என்பதற்குச் சான்று தேறாமல், 1950 வாக்கில் பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நரின்ஜினேஸால் கசப்பு நீக்கிய பழச்சாறு என்பதிலும் ஒரு கொக்கி உண்டு. பிழிந்து வைத்த ஆரஞ்சுச் சாறு சில மணி நேரம் கழித்துக் கசப்பதற்குக் காரணம் லிமோனின். அது ஃபிளேவனாய்டே அல்ல. நரின்ஜினேஸைப் புட்டியோடு கொட்டினாலும் அசையாது.

வாசகிக்கு ஒரு வார்த்தை: வெங்காயக் கறுப்பைச் சுரண்டிப் பம்பளிமாஸில் தடவிப் பார்க்க வேண்டாம். அந்தப் பூஞ்சையின் சில ரகங்கள் நஞ்சும் சுரக்கும். வெள்ளைத் தோலைக் கையால் உரித்துவிடுங்கள்.