ஓவியமும் நம் காட்டு உயிர்களும்

கண்ணாற் கண்டதைக் கையால் எழுதுவதே ஓவியம் என்பர். யாமோ காணாததையே எழுதிப் பழகினோம். சென்ற கிறித்து பிறப்பு விழாவிற்கு முன்னர், விடுதித் தோழர் சிலர் கூடி, வாழ்த்து அட்டைகளை எம் கையாலேயே தீட்டி அனுப்புவதெனத் துணிந்தோம். ஒருவர் மான் ஒன்றை எழுதினார். பல கிளையாய் விரிந்த கொம்பும், பின்னே பனி மூடிய ஊசியிலை மரமுமாக அம்மான் அழகாகவே நின்றது. அவ்வேளையிற் பலகணிக்கு வெளியே இரண்டு புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன! முதலில் நகைத்தோம், பின்னர் நாணினோம். முதற்பொருள், கருப்பொருள் என விடைத்தாளில் எழுதி மதிப்பெண் பெறும் தமிழ் மாணவரன்றோ யாம்?

இவ்வகையில் நமக்கு ஆசிரியர் வேண்டின் நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. தாம்பரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் மாமல்லபுரம் உள்ளது. ஆங்கே 7ஆம் நூற்றாண்டிற் பல்லவச் சிற்பியர் செதுக்கிய பெரும்பாறையில், பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மான் ஒன்று உண்டு. களிற்றின் காலடியிற் கன்றுகள் ஒண்டி நிற்கின்றன. அண்மையில் தனிக்கல்லில் அமைந்த குரங்குக் குடும்பத்தில், கடுவன் மந்திக்குப் பேன் பார்க்க, மந்தி குட்டிக்குப் பாலூட்டுகின்றது. இவை யாவும் நேரிற் பார்த்தவர் கைவேலை. அதே ஊரில் தூண்களைத் தாங்கும் சிங்கங்களை நோக்குங்கள்: சுருண்ட பிடரி, உருண்ட விழி, ஒன்றைப்போல் ஒன்று. சிங்கம் தென்னாட்டில் வாழாத விலங்கு. கேள்வியால் அறிந்ததைச் சிற்பி அணியாக்கினான். அணி என்ற அளவில் அது குறையன்று. ஆயினும் உயிர் மானிடத்தேதான் உள்ளது.

அண்மைக் காலத்தில் இந்நெறியிற் சென்றவர் மா. கிருட்டிணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தராகிய இவர், 1950 முதல் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியம் வரைவார். ஒளிப்படங்களையும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். அயல்நாட்டுப் பூமரங்களை விடுத்து இம்மண்ணின் மரஞ்செடிகளையே போற்றவேண்டுமென அவர் ஓயாது வற்புறுத்தினார்.

இனி எம் முயற்சியைக் கூறுவோம். நம் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தபோது அமைந்த இடம் சேலையூர்க் காட்டின் ஒரு பகுதி. இன்றும் களாவும் காரையும் சூரையும் இங்கே முள்ளோடு நிற்கின்றன. வைகறையிற் புதரோரம் தாளும் கரிக்கோலுமாக அமர்ந்தோம். முதல் மூன்று நாள் மான்கள் எம் வாடையறிந்து விலகின. நான்காம் நாள் காற்றுக்கு எதிராக அமர்ந்த பின்னரே அவை மேய்ந்தவாறு நின்றன. அப்பொழுதுதான் எத்துணைப் பிழையாக எழுதினோம் என விளங்கிற்று. கலைமானுக்கே கொம்புண்டு, ஒவ்வொரு கொம்பிலும் முனைகள் மூன்றே. புள்ளிகளை மழைத்துளிபோற் சிதறியிருந்தோம். உண்மையில் அவை வரிசைபட அமைந்து, வயிற்றோரம் கோடுபோல் நெருங்குகின்றன. முதுகு நெடுக ஒரு கருங்கோடு ஓடுகின்றது. புள்ளியை வெண்மையால் தீட்டுவதினும், தாளை அவ்விடத்தில் வெறுமையாய் விட்டுச் சுற்றிலும் கரி பூசுவதே நன்று. இதனைக் கண்டுபிடிக்கப் பதினொரு தாள்களைப் பாழாக்கினோம்.

மானை எழுதினாற் போதாது. அது நிற்கும் இடமும் வேண்டும். ஊசியிலை மரத்தை அழித்துப் பனையை எழுதியதும் படத்தின் ஒளியே மாறிற்று. பனிநாட்டு மங்கல் வெளிச்சம் பனைக்குப் பொருந்தாது. மேனாட்டு அட்டைகளிற் செம்மார்புக் குருவி ஒன்று அமர்ந்திருக்குமே, அதற்கு ஈடாக இங்கே கருஞ்சிட்டு உள்ளது. அதன் செம்மை மார்பிலன்று, வாலின் அடியில். வாலை நிமிர்த்தும்போதே தெரியும். ஆதலின் அதனைப் பின்புறமாகவே எழுத நேர்ந்தது. வாழ்த்து அட்டைக்கு இது தகுமா என்று எம்முள் நீண்ட வழக்கு நிகழ்ந்தது.

பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் ஒருநாள் சென்றோம். 2022இல் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பெற்ற அந்நீர்நிலையின் பெரும்பகுதி, அதற்கு முன்னரே கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இரையாகிவிட்டது. நீலத் தாழைக்கோழியின் நெடுவிரல்களை எழுத முயன்றோம். எப்பக்கம் திரும்பினும் பறவைக்குப் பின்னே மாடிவீடுகள். அவற்றை விட்டுவிடலாம் என்றார் சிலர். எழுதியே வைத்தோம்.

அட்டைகள் உரிய நாளில் அஞ்சலிற் சென்றன. எம் தோழர் ஒருவரின் அன்னையார் விடை எழுதியிருந்தார்: "ஆட்டுக்குட்டி மிக அழகாயிருக்கிறது."